பழைய பதிப்பு விளையாட்டு வழங்கிகள்

பழைய பதிப்பு வழங்கி அல்லது மரபு வழங்கி என்பது, ஓர் இணைய விளையாட்டின் முந்தைய பதிப்பு ஒன்றை, புதிய பதிப்பு வந்து அதன் இடத்தைப் பிடித்த பின்னரும், பயனர்கள் தொடர்ந்து விளையாடும் வகையில் இயக்கும் வழங்கிக் கணினி ஆகும். இத்தகைய வழங்கிகளை விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே நடத்துவது உண்டு. நிறுவனத்தின் அனுமதியின்றி ஆர்வலர்கள் நடத்துவதும் உண்டு. நிறுவனங்கள் தாமே இவற்றை நடத்த வேண்டுமா என்பது 2000களின் நடுப்பகுதி முதல் நீண்டுவரும் ஒரு விவாதமாகும். வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட், ரூன்ஸ்கேப், எவர்குவெஸ்ட் ஆகிய மூன்று விளையாட்டுகளின் வரலாறு இவ்விவாதத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

கடையில் வாங்கிய சதுரங்கப் பலகையை விற்றவர் பின்னர் வந்து மாற்றிவிட முடியாது. குறுந்தகட்டில் வெளிவந்த பழைய கணினி விளையாட்டுகளும் பெரும்பாலும் அத்தகையவையே. தகடும் அதற்கேற்ற கணினியும் இருக்கும்வரை வாங்கியவர் வாங்கியதையே விளையாடலாம். பல்லாயிரம் பேர் ஒரே உலகில் ஒரே நேரத்தில் விளையாடும் பெருந்திரள் பல்பயனர் விளையாட்டுகளின் நிலை வேறு. இவற்றில் விளையாட்டு இரண்டு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. பயனரின் கணினியில் நிறுவப்படும் பயனர் நிரல், படங்களையும் ஒலியையும் வெளியிட்டுப் பயனரின் கட்டளைகளை அனுப்புகிறது. விளையாட்டு உலகமோ நிறுவனத்தின் வழங்கியில் உள்ளது. எந்த அரக்கன் எங்கே நிற்கிறான், ஓர் அடிக்கு எத்தனை புள்ளிகள் குறையும், யாரிடம் எந்த வாள் இருக்கிறது என்பனவெல்லாம் அங்கேயே கணக்கிடப்பட்டுத் தரவுத்தளத்தில் பதியப்படுகின்றன. பழைய பயனர் நிரல் ஒருவரிடம் பத்திரமாக இருந்தாலும், அதனுடன் தொடர்பு கொள்ளும் வழங்கி இல்லையெனில் நுழைவுத் திரைக்கு அப்பால் செல்ல இயலாது.

ஆகவே இணைய விளையாட்டில் ஒவ்வோர் இற்றைப்படுத்தலும் முந்தைய விளையாட்டின் இடத்தில் எழுதப்படுகிறது. சிறு திருத்தங்களில் இது உணரப்படுவதில்லை. பெரிய மாற்றங்களில் உணரப்படுகிறது. 2005 நவம்பரில் சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் தனது ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் விளையாட்டில் இருந்த 34 தொழில்களை நீக்கி 9 வகுப்புகளாகச் சுருக்கியது. சண்டை முறையும் முற்றிலும் மாறியது. அதே மாதத் தொடக்கத்தில்தான் அவ்விளையாட்டின் விரிவாக்கத் தொகுப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆண்டுக்கணக்கில் ஒரு தொழிலை வளர்த்தவர்களுக்கு அத்தொழில் ஒரே நாளில் இல்லாமற் போனது. பழைய முறையில் இயங்கும் வழங்கி ஒன்றை நிறுவனம் அளிக்கவில்லை. 2011 டிசம்பர் 15 அன்று விளையாட்டு முழுமையாக மூடப்பட்டது.

வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்டின் மூன்றாவது விரிவாக்கமான கேட்டகிளிசம் 2010 டிசம்பரில் வெளிவந்தபோது, 2004இல் உருவான இரு கண்டங்களும் திருத்தி அமைக்கப்பட்டன. வறண்ட பள்ளத்தாக்காக இருந்த ஒரு பகுதி நீரில் மூழ்கியது. பாரன்ஸ் என்னும் பெரும் புல்வெளி நடுவில் பிளந்து இரண்டு பகுதிகளாயிற்று. விரிவாக்கத்தை வாங்காதவர்களுக்கும் பழைய நிலப்பரப்பு கிடைக்கவில்லை.

இதற்கு மாறான ஒரு முறையும் உண்டு. மைன்கிராப்ட்டின் ஜாவா பதிப்பில், விளையாட்டைத் தொடங்கும் நிரலிலேயே முந்தைய பதிப்புகளைத் தெரிவு செய்யலாம். வழங்கி நிரலைப் பயனர்களே பதிவிறக்கி நடத்தலாம். எனவே அங்கு இந்த விவாதம் ஏறத்தாழ எழவே இல்லை. வழங்கி நிரல் யாருடைய கையில் உள்ளது என்பதே சிக்கலின் வேர் என்பதை இது காட்டுகிறது.

எவர்குவெஸ்ட்டும் முதல் முயற்சிகளும்

1999 மார்ச் 16 அன்று வெளியான எவர்குவெஸ்ட் விளையாட்டில், 2006ஆம் ஆண்டு படிமுறை வழங்கிகள் எனப்பட்டவை திறக்கப்பட்டன. இவற்றில் விளையாட்டு முதல் வெளியீட்டின் நிலப்பரப்புகளுடன் மட்டும் தொடங்கியது. பயனர்கள் குறிப்பிட்ட பெரும் எதிரிகளை வென்றபோது அடுத்தடுத்த விரிவாக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நிறுவனமே பழைமையை ஒரு சேவையாக வழங்கிய தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று. எனினும் இவ்வழங்கிகள் புதிய நிரலின் மீதே இயங்கின. நிலப்பரப்பு பழையதாக இருந்தாலும் சண்டை விதிகளும் வசதிகளும் இடைமுகமும் பிற்காலத்தவையாகவே இருந்தன.

இக்குறையை நிறைவு செய்ய ஆர்வலர்கள் உருவாக்கிய புராஜெக்ட் 1999 என்னும் கட்டணமற்ற வழங்கி 2009 அக்டோபரில் திறக்கப்பட்டது. பொதுவாக இத்தகைய வழங்கிகளுக்கு வழக்கறிஞர் மடலே பதிலாகக் கிடைக்கும். இங்கு நடந்தது வேறு. சோனியிடமிருந்து பிரிந்து டேபிரேக் என்னும் பெயரில் இயங்கத் தொடங்கிய நிறுவனம், 2015ஆம் ஆண்டு புராஜெக்ட் 1999 குழுவினருடன் எழுத்து வடிவில் உடன்பாடு செய்துகொண்டு, அவ்வழங்கி தொடர அனுமதித்தது. நிறுவனமும் தன் படிமுறை வழங்கிகளைத் தொடர்ந்து புதிது புதிதாகத் திறந்து வந்தது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

ரூன்ஸ்கேப்பும் 2007ஆம் ஆண்டுக் காப்புப்படியும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அமைந்துள்ள ஜேகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001இல் வெளியானது. விளையாட்டுப் பொருட்களை உண்மைப் பணத்துக்கு விற்போரைத் தடுக்கும் பொருட்டு, 2007 இறுதியை ஒட்டிப் பயனர்களிடையே தடையற்ற வணிகம் நிறுத்தப்பட்டது. காட்டுப்பகுதியில் பயனர்கள் ஒருவரையொருவர் தாக்கும் முறையும் நீக்கப்பட்டது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 2011 பிப்ரவரியில் இவை மீண்டும் வந்தன. 2012 நவம்பரில் சண்டை முறை முழுவதும் மாற்றப்பட்டபோது பலர் விளையாட்டைக் கைவிட்டனர்.

இந்நிலையில் 2007 ஆகஸ்டு மாதத்தைச் சேர்ந்த காப்புப்படி ஒன்று தன்னிடம் இருப்பதை ஜேகெக்ஸ் அறிவித்து, 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தியது. 50,000 வாக்குகள் கிடைத்தால் கூடுதல் கட்டணத்துடன் வழங்கி திறக்கப்படும்; 2,50,000 கிடைத்தால் அக்கட்டணம் குறையும்; 5,00,000 கிடைத்தால் தனிக் கட்டணமே இராது என்றவாறு படிகள் வகுக்கப்பட்டன. ஆதரவு வாக்குகள் 4,40,000ஐத் தாண்டின. ஐந்து இலட்சத்தை எட்டவில்லை. எனினும் வழக்கமான உறுப்பினர் கட்டணத்திலேயே இதையும் விளையாட வழி செய்யப்பட்டது. 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறக்கப்பட்டது. சிறு குழு ஒன்று பராமரிக்கும் நினைவுச்சின்னம் போலத் தொடங்கிய இது, பின்னர் 2015இல் கட்டணமின்றி விளையாடும் வாய்ப்பையும் 2018இல் கைப்பேசிப் பதிப்பையும் பெற்று, பயனர் எண்ணிக்கையில் முதன்மை விளையாட்டையே விஞ்சியது.

இவ்வெற்றியின் காரணங்களுள் ஒன்று, மாற்றங்களைப் பயனர் வாக்கெடுப்புக்கு விடும் முறையாகும். புதிய உள்ளடக்கம் எதுவாயினும் வாக்களித்தோரில் 75 விழுக்காட்டினரின் ஆதரவு தேவை என வைக்கப்பட்டது. 2022இல் இது 70 ஆகக் குறைக்கப்பட்டது. இதன் விளைவாக ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2007இல் இல்லாத நிலங்களும் எதிரிகளும் ஏராளமாகச் சேர்ந்துள்ளன. கண்டிப்பாக நோக்கினால் இது பழைய பதிப்பே அன்று. 2007இல் இருந்து வேறு திசையில் வளர்ந்த கிளை எனலாம். பயனர்கள் வேண்டியது மாறாத உலகையா, தம்மைக் கேட்டு மாறும் உலகையா என்ற ஐயத்தை இது எழுப்புகிறது.

இங்கு காப்புப்படியின் பங்கு பெரிது. 2007இல் அதை எடுத்து வைத்தவர்கள் எதிர்காலத்தில் ஒரு விளையாட்டை விற்கும் எண்ணத்துடன் எடுத்திருக்க வாய்ப்பில்லை. அப்படி இருந்திராவிட்டால், 2013இல் எத்தனை இலட்சம் பேர் வாக்களித்திருந்தாலும் திறப்பதற்கு ஒன்றும் இருந்திராது. பழைய பதிப்பை வழங்குவதா இல்லையா என்ற கேள்வி, பல நிறுவனங்களில் அது கேட்கப்படுவதற்கு முன்னரே, சேமிப்பகத்தைத் துப்புரவு செய்யும் ஒரு நாளில் முடிவாகிவிடுகிறது.

வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்டும் நாஸ்டல்ரியசும்

அமெரிக்காவின் பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட், 2010 அக்டோபரில் 1.2 கோடி சந்தாதாரர்களைக் கொண்டிருந்தது. விரிவாக்கங்கள் வருமுன் இருந்த முதல் பதிப்பைப் பயனர்கள் 'வெனிலா' என அழைப்பர். வேறு சுவை எதுவும் சேராத பனிக்கூழின் பெயரால் வந்த வழக்கு இது. 2013ஆம் ஆண்டு பிளிசார்ட் மாநாட்டில், பழைய விரிவாக்கங்களுக்கு வழங்கி திறக்கப்படுமா என ஒரு பயனர் கேட்டபோது, மேடையில் இருந்த தயாரிப்புத் தலைவர் ஜே. ஆலன் பிராக், அது வேண்டும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் விடையளித்தார். இவ்விடை பல ஆண்டுகள் மறக்கப்படவில்லை.

நிறுவனம் மறுத்ததை ஆர்வலர்கள் செய்தனர். வழங்கி நிரல் வெளியே கிடைக்காததால், பயனர் நிரலுக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் தரவை ஆராய்ந்து, வழங்கி எவ்வாறு விடையளிக்க வேண்டும் என்பதை ஊகித்துப் புதிதாக எழுதும் பின்னோக்குப் பொறியியல் முறை கையாளப்பட்டது. அரக்கர்களின் வலிமை, பொருட்கள் கிடைக்கும் வாய்ப்பு போன்ற எண்கள் பயனர் நிரலில் இல்லை. அவை பழைய திரைப்படிமங்களிலும் காணொளிகளிலும் பயனர்கள் தொகுத்த குறிப்புகளிலும் இருந்து திரட்டப்பட்டன. இவ்வாறு உருவானவற்றுள் புகழ்பெற்றது நாஸ்டல்ரியஸ். பிரான்சைச் சேர்ந்த தன்னார்வலர்கள் நடத்திய இவ்வழங்கி 2015 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இதில் ஏறத்தாழ 8 இலட்சம் கணக்குகள் பதிவாகியிருந்ததாகவும், அவற்றுள் 1,50,000 செயற்பாட்டில் இருந்ததாகவும் குழுவினர் தெரிவித்தனர். கட்டணம் பெறவில்லை.

2016 ஏப்ரலில் பிளிசார்ட்டின் வழக்கறிஞர்கள் அனுப்பிய மடலை அடுத்து, ஏப்ரல் 10 அன்று நாஸ்டல்ரியஸ் மூடப்பட்டது. கடைசி நேரத்தில் பயனர்கள் தம் பாத்திரங்களுடன் நகரங்களில் திரண்டு ஊர்வலம் சென்றனர். பழைய பதிப்பு வழங்கி வேண்டி நிறுவனத் தலைவருக்கு எழுதப்பட்ட மனுவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். விளையாட்டின் தொடக்ககால உருவாக்கக் குழுத் தலைவர்களுள் ஒருவரான மார்க் கெர்ன், மனுவை அச்சிட்டு நேரில் கொண்டுசென்று கொடுத்தார். தன் உரிமையைக் காக்கத் தவறினால் அது வலுவிழக்கும் என்றும், பழைய வழங்கிகளை நடத்துவதில் பெரும் தொழில்நுட்பத் தடைகள் உள்ளன என்றும் நிறுவனம் விளக்கமளித்தது. எனினும் அவ்வாண்டு நடுப்பகுதியில் நாஸ்டல்ரியஸ் குழுவினரைத் தன் தலைமையகத்துக்கு அழைத்து அவர்களின் அனுபவத்தைக் கேட்டறிந்தது.

2017 நவம்பர் 3 அன்று வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் கிளாசிக் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அதே ஜே. ஆலன் பிராக். தமக்கு வேறு சுவை பிடித்திருந்தாலும் சிலருக்கு வெனிலாவே விருப்பமானது என்பதைத் தாம் அறிவதாகப் பனிக்கூழை வைத்தே அவர் பேச்சைத் தொடங்கினார். 2019 ஆகஸ்டு இறுதியில் வழங்கிகள் திறந்தபோது நுழைவதற்கு நீண்ட வரிசைகள் ஏற்பட்டன. அக்காலாண்டில் சந்தாக்களில் ஏற்பட்ட உயர்வு, அவ்விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு காலாண்டில் ஏற்பட்ட மிகப்பெரிய உயர்வு என நிறுவனம் தெரிவித்தது. 2013இல் சொல்லப்பட்ட மறுப்பின் வணிகப் பகுதி இத்துடன் பொய்த்தது எனலாம்.

தொழில்நுட்பத் தடை

மறுப்பின் தொழில்நுட்பப் பகுதி பொய்யன்று. பிளிசார்ட் பொறியாளர்கள் 2018இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, 2006ஆம் ஆண்டின் 1.12 பதிப்பைத் தங்கள் அலுவலகத்துக்குள் இயக்கிப் பார்க்க அவர்களால் முடிந்தது. ஆனால் அதை அப்படியே பொதுமக்களுக்குத் திறந்தால், அக்காலத்து வழுக்களும் பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே வரும். ஏமாற்று நிரல்களைக் கண்டறிதல், கணக்கு மேலாண்மை, வாடிக்கையாளர் உதவி ஆகியவற்றுக்காகப் பின்னர் எழுதப்பட்ட எதுவும் அதனுடன் இணையாது. எனவே 2018ஆம் ஆண்டு நிரலை எடுத்துக்கொண்டு, அதனுள் 1.12 பதிப்பின் தரவுகளை ஊட்டும் வழி தெரிவு செய்யப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தரவு அட்டவணைகளின் அமைப்பே மாறியிருந்ததால், பழைய தரவைப் புதிய வடிவுக்கு மாற்றித்தரும் நிரல்கள் எழுத வேண்டியிருந்தது. இம்முறையும் காப்புப்படி ஒன்று எஞ்சியிருந்ததாலேயே வேலை தொடங்க முடிந்தது.

பராமரிக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு ரூன்ஸ்கேப் கிளாசிக் சான்றாகும். 2004இல் ரூன்ஸ்கேப்பின் இரண்டாம் பதிப்பு வந்தபோது முதற் பதிப்பு இப்பெயரில் தொடர்ந்து வைக்கப்பட்டது. இற்றைப்படுத்தல் நின்றுபோன அதில் வழுக்களும் தானியங்கி நிரல்களும் பெருகின. தன் கண்காணிப்புக் கருவிகள் அதனுடன் இனி இணங்கா எனக் கூறி, 2018 ஆகஸ்டு 6 அன்று ஜேகெக்ஸ் அதை மூடியது. பழைய பதிப்பை வழங்குவது என்பது ஒரு முறை திறந்துவிட்டு மறந்துவிடும் செயலன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

பயனர்கள் பிரிந்துபோவர் என்ற அச்சமும் நிறுவனங்களுக்கு உண்டு. ஐந்து பேரோ நாற்பது பேரோ கூடினால்தான் விளையாட முடியும் என்ற விளையாட்டில், ஒவ்வொரு கூடுதல் பதிப்பும் கூட்டத்தைப் பங்கிடுகிறது. சந்தா பெறும் பெரிய விளையாட்டுகளில் இது தாங்கக்கூடியது. சில ஆயிரம் பேர் மட்டும் விளையாடும் ஒன்றில் இரண்டு உலகங்களும் வெறுமையாகிவிடலாம். பழைய பதிப்பு எது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஒவ்வொருவருக்கும் தாம் விளையாடத் தொடங்கிய ஆண்டே சிறந்த பதிப்பாகத் தோன்றுவது இயல்பு.

மீட்கப்படுவதும் மீட்கப்படாததும்

2005இல் மோல்டன் கோர் என்னும் குகையின் இறுதி எதிரியான ரக்னரோசை வீழ்த்த, விளையாட்டு வெளியான நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. 2019இல் கிளாசிக் வழங்கிகள் திறந்து ஒரு வாரம் நிறைவதற்குள் அவ்வெதிரி வீழ்த்தப்பட்டான். விதிகள் பழையவை, விளையாடியவர்கள் பழையவர்கள் அல்லர். பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கீடுகளும் வழிகாட்டிகளும் அவர்களிடம் இருந்தன. அறியாத உலகில் வழி கேட்டு அலைந்த அனுபவத்தை எந்தக் காப்புப்படியும் சேமித்து வைக்கவில்லை.

நினைவும் நம்பத்தக்கதன்று. 2019 மே மாதச் சோதனையின்போது, பயனர்கள் வழு எனப் புகாரளித்த பலவும் உண்மையில் 2006இல் அவ்வாறே இருந்தவை என விளக்கும் பட்டியல் ஒன்றை பிளிசார்ட் வெளியிட நேர்ந்தது. தனியார் வழங்கிகள் ஊகத்தால் நிரப்பிய எண்களையே பலர் மூலம் எனக் கருதியிருந்தனர். இவ்வகையில் அதிகாரமுறை வழங்கிக்கு ஒரு சிறப்பு உண்டு. மூலத் தரவு நிறுவனத்திடம் மட்டுமே உள்ளது. ஆர்வலர் எவ்வளவு உழைத்தாலும் அவர் செய்வது மறுபடைப்பே.

மீட்கப்பட்ட பதிப்பும் நிலையானதன்று. 2021 ஜூனில் கிளாசிக் வழங்கிகள் முதல் விரிவாக்கத்துக்கு நகர்ந்தபோது, பயனர் தம் பாத்திரத்தை எந்தக் காலத்தில் வைப்பது எனத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டிலும் வைக்க விரும்பினால் படியெடுக்க 35 டாலர் கட்டணம் என முதலில் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின் 15 டாலராகக் குறைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் இரண்டாம் விரிவாக்கத்துக்கு நகர்ந்தபோது அத்தெரிவும் அளிக்கப்படவில்லை. மாற்றத்தால் இழந்ததை மீட்கத் தொடங்கிய திட்டம், அதே மாற்றத்தைப் பயனர்களுக்கு மீண்டும் ஒருமுறை நிகழ்த்தியது.

சட்டமும் பேணலும்

தனியார் வழங்கிகள் குறித்த அமெரிக்கத் தீர்ப்புகள் நிறுவனங்களுக்குச் சார்பாகவே அமைந்துள்ளன. பிளிசார்ட் விளையாட்டுகளை வேறு வழங்கிகளில் இணைக்க உதவிய ஒரு கட்டற்ற மென்பொருள், பயனர் ஒப்பந்தத்தையும் எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்தையும் மீறுவதாக 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பணம் பெற்று நடத்தப்பட்ட தனியார் வழங்கி ஒன்றின் மீது 2010இல் 8.8 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது.

மறுபுறம், நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சிறு வழி திறக்கப்பட்டுள்ளது. நிறுவனம் கைவிட்ட இணைய விளையாட்டின் வழங்கி நிரலை முறையாகப் பெற்றிருந்தால், அதைத் தம் வளாகத்துக்குள் இயக்கிக் காட்ட 2018இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி விலக்கு அளிக்கப்பட்டது. இணையவழியாக வெளியிலிருந்து அணுகும் அனுமதி 2024இல் மறுக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் கூடுவதற்கென உருவான உலகை ஓர் அறைக்குள் ஒருசிலர் மட்டும் காண்பது எந்த அளவுக்குப் பேணலாகும் என்பது கேள்விக்குரியது. ஐரோப்பாவில், யூபிசாப்ட் நிறுவனம் 2024 மார்ச் இறுதியில் தி குரூ என்னும் விளையாட்டை மூடியதை அடுத்து எழுந்த இயக்கத்தின் குடிமக்கள் மனு, 2025 ஜூலையில் 10 இலட்சம் ஒப்பங்களைத் தாண்டியது. மூடப்பட்ட பின்னரும் விளையாட்டு இயங்கத்தக்க நிலையில் விடப்பட வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. நடப்பில் உள்ள விளையாட்டின் பழைய பதிப்புகளை அது உள்ளடக்கவில்லை.

உரிமத்தின் வழியாகவும் தீர்வு காணப்பட்டதுண்டு. 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்ட சிட்டி ஆப் ஹீரோஸ் விளையாட்டின் வழங்கி நிரல் ஒரு சிறு குழுவினரிடம் இருந்ததும், அவர்கள் அதைப் பல ஆண்டுகள் மறைவாக இயக்கி வந்ததும் 2019 ஏப்ரலில் வெளிவந்தன. அழைப்புக் கிடைக்காத பழைய பயனர்கள் சினமுற்றனர். நிரல் பொதுவெளிக்கு வந்தது. அதிலிருந்து உருவான ஹோம்கமிங் என்னும் தன்னார்வ வழங்கிக்கு, உரிமையாளரான என்சிசாப்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் முறையான உரிமம் வழங்கியது. சந்தா எதுவும் இன்றி, பயனர்களின் நன்கொடையைக் கொண்டு அவ்வழங்கி நடத்தப்படுகிறது.